உணவும் மானமும்: அர்ஜென்டினா நாட்டில் கண்டவை

(வெள்ளி விழாவின் மாலை அமர்வில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இருபத்தைந்து ஆண்டுகளாக நம் பிள்ளைகளின் கல்விக்கு விளக்கேற்றி வரும் இக்கழகத்தின் உதவித்தொகையால் படித்து வெளிவந்தவர்கள் நாங்கள் இருவரும். தோல் பதனிடும் தொழில் தொடர்பாக அர்ஜென்டினா நாட்டிற்குச் சென்று மூன்று வாரங்கள் தங்கி வந்தோம். அந்நாட்டைப் பற்றி விழாவில் பேச வேண்டும் என்று செயலாளர் அவர்கள் பணித்தார்கள். சொல்லத்தக்க செய்திகள் பல உண்டு. அவற்றுள் நம் இளைஞர்களுக்குப் பயன்படும் ஒன்றையே தேர்ந்துகொண்டோம். அஃது அந்நாட்டு மக்களின் தலையாய உணவாகிய மாட்டிறைச்சியைப் பற்றியது.

இதனை மேடையில் பேசலாமா என்று சிலர் தயங்கக்கூடும். அத்தயக்கத்தின் காரணத்தை நாம் அனைவரும் அறிவோம். விடுதியில் உடன் பயிலும் தோழர், 'ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டில் என்ன கறி?' என்று கேட்டால், 'ஆட்டுக்கறி' என்று மெல்லச் சொல்லிப் பேச்சை மாற்றிவிடும் பிள்ளைகள் நம்மிடையே இருக்கின்றனர். நகரத்தில் வாடகைக்கு வீடு தேடும்போது, 'நீங்கள் என்ன சாப்பிடுவீர்கள்?' என்னும் வினா வருகிறது. அது சாதியைக் கேட்கும் வினாவின் மறுபெயரே அன்றோ? 2022-ஆம் ஆண்டு ஆம்பூரில் பிரியாணித் திருவிழா நடத்தப்போவதாக அறிவித்தபோது, ஆம்பூருக்கே பெயர் வாங்கித் தந்த உணவுகளுள் ஒன்றான மாட்டுக்கறிப் பிரியாணிக்கு அங்கே இடமில்லை என்ற செய்தி வந்தது. எதிர்ப்பு எழுந்தது, விழாவும் தள்ளிவைக்கப்பட்டது. ஆகவே இது வயிற்றைப் பற்றிய பேச்சு மட்டும் அன்று. மானத்தைப் பற்றிய பேச்சு.

அர்ஜென்டினா, தென் அமெரிக்கக் கண்டத்தின் தென்கோடி வரை நீண்டு கிடக்கும் நாடு. தலைநகராகிய புவெனஸ் ஐரிஸைச் சூழ்ந்து பம்பா எனப்படும் புல்வெளி, கண்ணுக்கெட்டிய தொலைவு வரை மேடு பள்ளமின்றிப் பரந்துள்ளது. மாடு அம்மண்ணில் தோன்றிய விலங்கு அன்று. 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் கொண்டுவந்தது. வேலியும் மேய்ப்பனும் இல்லாத அப்புல்வெளியில் மாடுகள் காட்டு விலங்குகளைப் போலப் பல்கிப் பெருகின. தொடக்கத்தில் தோலுக்கு மட்டுமே விலை இருந்தது. தோலை உரித்துக்கொண்டு இறைச்சியைப் பறவைக்கும் நாய்க்கும் விட்டுச் சென்ற காலமும் உண்டு. இன்று அந்நாட்டில் 5 கோடிக்கும் மேற்பட்ட மாடுகள் இருக்கின்றன. 2022-ஆம் ஆண்டு மக்கட்கணக்கின்படி மக்கள்தொகை ஏறத்தாழ 4 கோடியே 60 இலட்சம். மனிதரைவிட மாடு மிகுந்த நாடு என்பது வெறும் பேச்சன்று.

1950-களில் அந்நாட்டில் ஒருவர் ஓராண்டில் உண்ட மாட்டிறைச்சி சராசரியாக 100 கிலோவை நெருங்கியது. விலையேற்றத்தாலும் கோழியிறைச்சியின் பெருக்கத்தாலும் இப்போது அது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்துவிட்டது. ஆயினும் ஞாயிற்றுக்கிழமை என்றால் அங்கே 'அசாதோ' விருந்துதான். விறகை எரித்துத் தணலாக்கி, இரும்புக் கம்பித் தட்டின் கீழே பரப்புகின்றனர். மாட்டின் விலாப் பகுதியையும் வயிற்றுப் பகுதியையும் பெரிய துண்டங்களாகவே தட்டின்மேல் இட்டு, கல்லுப்பு மட்டும் தூவி, இரண்டு மூன்று மணி நேரம் பொறுமையாக வாட்டுகின்றனர். நம்மைப் போல் மிளகாயும் மல்லியும் அரைத்துச் சேர்ப்பதில்லை. உண்ணத் தொடங்கியதும், வாட்டியவரைப் பாராட்டி அனைவரும் கைதட்டுவது அங்கே மரபு. மாட்டிறைச்சி சமைத்த ஒருவருக்குக் கூட்டம் கைதட்டுவதை நாங்கள் கண்ணாரக் கண்டோம்.

இவ்விருந்து செல்வர் வீட்டுக்கு மட்டும் உரியதன்று. கட்டடத் தொழிலாளர்கள் நண்பகலில் வேலைத்தளத்திலேயே தணல் மூட்டி இறைச்சி வாட்டுகின்றனர். மணம் தெருவெல்லாம் பரவுகிறது. ஒரு வீட்டிற்குத் தளம் போட்டு முடிந்தால், வீட்டுக்காரர் வேலையாட்களுக்கு அசாதோ விருந்தளிப்பது வழக்கம். நம் ஊரில் தளம் போட்ட அன்று கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் பிரியாணி வாங்கித் தருவதை நினைத்துக்கொண்டோம்.

இன்னொரு வழக்கத்தையும் சொல்ல வேண்டும். 'மாத்தே' என்பது ஒருவகை இலைத்தூளில் வெந்நீர் ஊற்றிப் பருகும் பானம். சிறிய சுரைக்குடுவையில் தூளை இட்டு, உலோகக் குழலால் உறிஞ்சுவர். குடுவையும் ஒன்றே; குழலும் ஒன்றே. ஒருவர் பருகி முடித்ததும், மீண்டும் வெந்நீர் ஊற்றி அதே குழலோடு அடுத்தவரிடம் நீட்டுவர். நாங்கள் சென்ற தோல் ஆலையில், மேலாளரும் ஈரத்தோல் சுமக்கும் தொழிலாளியும் அவ்வாறே பருகினர். பிறகு குடுவை எங்களிடம் வந்தது. கொரோனா பரவிய 2020-ஆம் ஆண்டில் தனித்தனிக் குடுவை வைத்துக்கொண்டதாகவும், பின்னர்ப் பழைய வழக்கத்திற்கே திரும்பியதாகவும் சொன்னார்கள். தேநீர்க் கடையில் நம் பெரியவர்களுக்கெனத் தனிக் குவளை வைத்த நாட்டிலிருந்து சென்றவர்கள் நாங்கள். அக்குவளை இன்னும் சில ஊர்களில் ஒழிந்தபாடில்லை. அந்த ஒற்றைக் குழலைக் கையில் வாங்கியபோது எங்கள் உள்ளம் என்ன பாடுபட்டிருக்கும் என்பதை நீங்களே உணர்வீர்கள்.

இவ்வளவையும் கேட்டபின், 'மாட்டிறைச்சியை மதிக்கும் நாட்டில் மனிதரையும் மதிக்கின்றனர். நம் நாட்டில் மாட்டிறைச்சியை இகழ்வதால் நம்மையும் இகழ்கின்றனர்' என்று சிலர் முடிவு கட்டலாம். இம்முடிவு எளியது; ஆயினும் உண்மையில் பாதிதான். மற்றப் பாதி அந்நாட்டின் வரலாற்றில் இருக்கிறது.

அசாதோ விருந்தில் முதலில் பரிமாறப்படுவது விலாக்கறி அன்று. குடல், சிறுநீரகம், கழுத்துச் சுரப்பி ஆகியவையே முதலில் வருகின்றன. இவற்றை 'அச்சூரா' என்கின்றனர். சிறுகுடலை மொறுமொறுப்பாக வாட்டி, எலுமிச்சை பிழிந்து தருகின்றனர். விலை மிகுந்த உணவகங்களில் கழுத்துச் சுரப்பி சிறப்பு உணவு. நம் வீட்டுப் போட்டியும் ஈரலும் சுவரொட்டியும் வெள்ளைத் துணி விரித்த மேசையில் வந்து அமர்ந்ததுபோல் இருந்தது.

இக்குடலை முதலில் உண்டவர்கள் யார்? 1778-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி புவெனஸ் ஐரிஸ் நகர மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் கறுப்பின மக்களும் அவர்வழிக் கலப்பினத்தாரும் ஆவர். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களும் அவர்தம் வழித்தோன்றல்களுமே அவர்கள். மாட்டுத்தொட்டியில் நல்ல பகுதிகளைப் பணம் படைத்தோர் வாங்கிச் செல்ல, எறியப்பட்ட குடலையும் கொழுப்பையும் பொறுக்கிச் சென்றவர்கள் கறுப்பினப் பெண்கள். எஸ்தெபான் எச்செவர்ரியா என்னும் எழுத்தாளர் எழுதி, அவர் மறைந்தபின் 1871-இல் வெளிவந்த 'மாட்டுத்தொட்டி' என்னும் பொருள்படும் தலைப்புடைய கதையில் இக்காட்சி இடம்பெறுகிறது. உயர்குடியில் கற்றவராகிய அவர், அப்பெண்களை அருவருப்போடுதான் நோக்குகிறார். அவர்கள் பொறுக்கிய குடல் இன்று விருந்தின் முதல் வரிசையில் இருக்கிறது. குடலின் இயல்பு இந்த இருநூறு ஆண்டுகளில் மாறிவிடவில்லை. அதனை உண்போர் மாறினர். மதிப்பும் உடன் மாறியது.

குடல் உயர்ந்தது, அதனைப் பக்குவம் செய்யக் கற்றுத் தந்த பெண்கள் உயர்ந்தனரா? இல்லை. போர்களிலும் கொள்ளை நோய்களிலும் பலர் மடிந்தனர். எஞ்சியோர் ஐரோப்பியக் குடியேற்றத்தின் பெருவெள்ளத்தில் மறைக்கப்பட்டனர். 'எங்கள் நாட்டில் கறுப்பர் இல்லை' என்பது அங்கே நெடுங்காலம் வழங்கிய பேச்சு. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக நாட்டின் மக்கட்கணக்கில் அவர்களைப் பற்றிய கேள்வியே இல்லை. 2010-இல்தான் மீண்டும் கேட்டனர். விடுதலைப் போரில் பங்குகொண்ட மரியா ரெமேதியோஸ் தெல் வாய்யே என்னும் கறுப்பின வீராங்கனையின் நினைவாக, நவம்பர் 8-ஆம் நாளை அம்மக்களுக்குரிய நாளாக 2013-இல்தான் சட்டம் ஏற்றது.

உப்புக்கண்டத்தின் கதையும் இதுவே. நம் தாய்மார்கள் இறைச்சியை வாராக அரிந்து, உப்பும் மஞ்சளும் தடவிக் கொடியில் உலர்த்துவதைப் போல, 19-ஆம் நூற்றாண்டில் அங்கே பெரிய உப்பிடும் ஆலைகள் இருந்தன. ஆலை முதலாளிகள் அவ்விறைச்சியைத் தம் மேசைக்கு வைத்துக்கொள்ளவில்லை; கியூபாவிலும் பிரேசிலிலும் தோட்டங்களில் உழைத்த அடிமைகளின் உணவாகக் கப்பலேற்றினர். 1876-இல் பிரான்சிலிருந்து 'பிரிகோரிபிக்' என்னும் குளிர்பதனக் கப்பல் வந்து, இறைச்சியைக் கெடாமல் கடல் கடத்தும் வழியைக் காட்டியது. அதன்பின் அதே புல்வெளியின் மாடு இங்கிலாந்துச் சீமான்களின் உணவாயிற்று. மாடு ஒன்றே. உப்பிட்டால் அடிமைக்கு, குளிரூட்டினால் ஆண்டைக்கு என்று ஆனது.

மாட்டை மேய்த்தவர்களின் நிலை என்ன? புல்வெளியில் குதிரையேறி மாடு பிடித்து வாழ்ந்தவர்களைக் 'கௌச்சோ' என்பர். ஒரு காலத்தில் அது வசைச்சொல். 1815-ஆம் ஆண்டு ஆணை ஒன்றின்படி, நிலமில்லாத நாட்டுப்புறத்தான் ஒவ்வொருவனும் வேலைக்காரனாகவே கருதப்பட்டான். தான் எந்த முதலாளியிடம் வேலை செய்கிறான் என்பதற்குரிய சீட்டைக் கையில் வைத்திருக்க வேண்டும். சீட்டு இல்லாதவன் நாடோடி எனப் பிடிக்கப்பட்டுப் படைக்கு அனுப்பப்பட்டான். பின்னர் நிலமெல்லாம் கம்பிவேலிக்குள் அடங்கியது. கௌச்சோவின் வாழ்வு முடிந்தது. முடிந்த பிறகு அவனையே நாட்டின் வீரனாக்கிக்கொண்டனர். 1872-இல் வெளிவந்த 'மார்த்தின் பியெர்ரோ' காவியத்தை எழுதிய ஹோசே எர்னாந்தெஸ் பிறந்த நவம்பர் 10-ஆம் நாள், இன்று மரபு நாளாகக் கொண்டாடப்படுகிறது. சான் அந்தோனியோ தெ அரேகோ என்னும் ஊரில் கௌச்சோ உடையணிந்தோர் குதிரையேறி வருவதைக் கண்டுகளித்தோம். உயிரோடிருந்தபோது சீட்டுக் கேட்டு விரட்டியவர்கள், மறைந்தபின் மாலை சூட்டுகிறார்கள் என்னும் எண்ணமும் உடன் எழுந்தது.

அப்புல்வெளியின் தொல்குடி மக்களுக்கோ அம்மாலையும் கிட்டவில்லை. 1878 முதல் 1885 வரை நடந்த படையெடுப்புகளில் அவர்கள் நிலம் பறிக்கப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் சிறைப்பிடிக்கப்பட்டனர், குடும்பங்கள் பிரிக்கப்பட்டுப் பிறர் வீடுகளுக்கும் தோட்டங்களுக்கும் வேலைக்கு அனுப்பப்பட்டன. அந்நிலம் சில பெருங்குடும்பங்களின் மாட்டுப் பண்ணைகளாயிற்று. அப்படைக்குத் தலைமை தாங்கிய தளபதி ரோகா 1880-இல் குடியரசுத் தலைவரானார்.

அன்பர்களே, இதனை ஏன் இவ்வளவு விரித்துரைக்கிறோம்? ஆண்டையும் அடிமையும் ஒரே மாட்டை உண்ட நாடு அது. அங்கே மாட்டிறைச்சி தீட்டு அன்று; பெருமை. அப்படியிருந்தும் மனிதரை மனிதர் தாழ்த்தும் கொடுமை அங்கே நடந்திருக்கிறது. எனவே இழிவு இறைச்சியில் இல்லை. நிலமும் அதிகாரமும் கையில் உள்ளோர், தமக்குக் கீழே ஒரு கூட்டம் வேண்டும் என்று கருதும்போது, அக்கூட்டத்தின் கையில் உள்ள எதனையும் இழிந்தது என்பர். நாம் உண்பதை விட்டுவிட்டால் நம்மை ஏற்றுக்கொள்வார்கள் என்று நம்பி விட்டவர்கள் நம் முன்னோரில் பலர். அவர்களுக்குக் கோயில் வாயில் திறந்ததா? ஊர்க்கிணறு கிடைத்ததா?

அந்நாட்டில் உழைப்போர் தலைநிமிர்ந்தது வேறு வழியில். அவ்வழியையும் பார்த்து வந்தோம். லா பிளாத்தா நகருக்கு அருகே பெரிஸ்ஸோ என்னும் ஊர் இருக்கிறது. அங்கே சுவிப்ட், ஆர்மர் என்னும் இரண்டு அமெரிக்கக் கம்பெனிகளின் மாபெரும் இறைச்சி ஆலைகள் இருந்தன. பல நாடுகளிலிருந்து பிழைக்க வந்த ஆண்களும் பெண்களும் குளிர் அறைகளிலும் இரத்தம் வழியும் தரைகளிலும் நின்று கத்தி பிடித்தனர். ஊரார் அவ்வுழைப்பைப் போற்றவில்லை. ஆனால் அவர்கள் சங்கம் கண்டனர். 1945 அக்டோபர் 17 அன்று, சிறைப்பட்டிருந்த பெரோன் என்னும் தலைவரை விடுவிக்கக் கோரித் தலைநகரின் மே சதுக்கத்தில் தொழிலாளர் திரண்டனர். அவர்களுள் முன்னணியில் நின்றவர்கள் பெரிஸ்ஸோ இறைச்சித் தொழிலாளர்கள். அன்றுவரை அச்சதுக்கம் கனவான்களின் இடம். அதே ஆண்டு டிசம்பரில், ஆண்டு முடிவில் ஒரு மாதச் சம்பளம் கூடுதலாகத் தர வேண்டும் என்னும் ஆணை பிறந்தது. தொழிலாளர் தலைவர் சிப்ரியானோ ரேயஸ், பின்னாளில் அதே பெரோன் ஆட்சியில் 1948-இல் சிறைப்பட்டு 1955 வரை அடைபட்டுக் கிடந்தார் என்பதையும் மறைக்கலாகாது. தலைவர்கள் மாறுவர், சங்கமாகச் சேர்ந்து பெற்ற உரிமையே நிலைக்கும்.

மற்றொரு வழி பள்ளிக்கூடம். 1869-இல் எடுத்த முதல் மக்கட்கணக்கில் எழுத்தறியாதோர் நான்கில் மூன்று பங்கினருக்கும் மேல். 1884-இல் 1420 என்னும் எண்ணுடைய சட்டம், தொடக்கக் கல்வியை இலவசமாகவும் கட்டாயமாகவும் சமயச் சார்பின்றியும் ஆக்கியது. 1914-ஆம் ஆண்டுக் கணக்கில் எழுத்தறியாதோர் மூன்றில் ஒரு பங்கு அளவிற்குக் குறைந்தனர். இன்றும் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் உடைக்கு மேல் வெள்ளை மேலங்கி அணிந்து செல்கின்றனர். உள்ளே பட்டா கிழிசலா என்பது வெளியே தெரியாது. ஒரே குழலில் மாத்தே பருகும் பழக்கத்தைவிட இந்த வெள்ளை அங்கி பெரிது என்பது எங்கள் கருத்து.

மாடு மிகுந்த நாடாயிற்றே, அங்கே பசி இருக்காது என்று எண்ணிவிட வேண்டாம். 2001-இன் முடிவில் அந்நாட்டுப் பொருளாதாரம் சரிந்தது. 2002 மார்ச்சில் ரொசாரியோ நகரின் எல்லையில் மாடுகளை ஏற்றிச் சென்ற லாரி ஒன்று கவிழ்ந்தது. அருகிலிருந்த குடிசைப் பகுதி மக்கள் கத்தியோடு ஓடி வந்து, சாலையிலேயே அம்மாடுகளை அறுத்துப் பங்கிட்டுச் சென்றனர். நாட்டின் பெருமை மாட்டிறைச்சி. ஆனால் ஏழையின் சட்டியில் அது இல்லை. உணவின் பெருமை பேசுவது மட்டும் வயிற்றை நிரப்பாது.

இனி நம்மை நோக்குவோம். டாக்டர் அம்பேத்கர் 1927-இல் மகாடு மாநாட்டில், செத்த மாட்டின் இறைச்சியை உண்பதை விட்டொழியுங்கள் என்றார். 1948-இல் வெளியிட்ட 'தீண்டப்படாதவர்கள்' பற்றிய ஆய்வு நூலில், ஏனையோர் மாட்டிறைச்சியைக் கைவிட்டபின்னும் தொடர்ந்து உண்டோர் விலக்கப்பட்டதே தீண்டாமையின் வேர் என்று காட்டினார். இவ்விரண்டும் முரண் அல்ல. ஊரார் எறிந்ததைப் பொறுக்கி உண்ணும்படி விதிக்கப்பட்டது அடிமைத்தனம்; அதனை உதறுக என்றார். தன் காசில், தன் விருப்பில், தூய்மையாக ஒருவன் உண்பதில் தாழ்வு எங்கிருந்து வந்தது என்னும் வினாவை அந்நூல் நம்முள் எழுப்புகிறது. முன்னது மானத்தின் கட்டளை. பின்னது அறிவின் ஆராய்ச்சி. நம் இளைஞர்க்கு இரண்டும் வேண்டும்.

ஆதலின், தம்பிமார்களே, தங்கைமார்களே, உங்களிடம் மூன்று வேண்டுகோள்.

முதலாவது, உங்கள் வீட்டு உணவைப் பற்றிப் பொய் சொல்லாதீர்கள். வம்புக்குச் சொல்ல வேண்டியதில்லை. கேட்டால் மறைக்க வேண்டியதும் இல்லை. மாட்டிறைச்சி உண்ணாத நம்மவரும் உளர். அஃது அவர்தம் விருப்பம்; அவர்களை எவரும் எள்ளலாகாது. உண்பவரைத் தாழ்த்துவது எவ்வளவு குற்றமோ, உண்ணாதவரை வற்புறுத்துவதும் அவ்வளவு குற்றம்.

இரண்டாவது, உணவில் பெருமை கொள்வதோடு நின்றுவிடாதீர்கள். பட்டம் பெறுங்கள், தொழில் கற்றுக்கொள்ளுங்கள், வேலை செய்யும் இடத்தில் சங்கத்தில் சேருங்கள். பெரிஸ்ஸோ தொழிலாளரின் கையிலிருந்த கத்தி, சங்கம் கண்டபின் மதிப்புப் பெற்றது.

மூன்றாவது, எழுதுங்கள். பெரிஸ்ஸோவில் இறைச்சி ஆலையில் கத்தி பிடித்து உழைத்த மரியா ரோல்தான் என்னும் அம்மையார், தம் வாழ்க்கையைத் தானியேல் ஜேம்ஸ் என்னும் வரலாற்று ஆசிரியரிடம் சொல்ல, அது 2000-ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தது. குடல் பொறுக்கிய கறுப்பினப் பெண்களின் வாய்மொழியைக் கேட்டு எழுத எவரும் இல்லை. அதனால்தான் அவர்களை வெறுத்த ஒருவரின் எழுத்து வழியாகவே இன்று அவர்களை அறிய நேர்கிறது. நம் பாட்டிமார்களுக்கு அந்நிலை வரலாகாது. குடலை எவ்வாறு கழுவினார்கள், உப்புக்கண்டத்தை எத்தனை நாள் வெயிலில் வைத்தார்கள், மழைக்காலத்தில் எப்படிக் காத்தார்கள், தோலை எந்தப் பட்டையால் பதனிட்டார்கள், கூலியாக என்ன பெற்றார்கள், யார் எப்படி நடத்தினார்கள் என்பனவற்றை அவர்கள் வாயாலேயே சொல்லக் கேட்டு எழுதுங்கள். இவ்விடுமுறையில் மாணவர் ஒவ்வொருவரும் நாற்பது பக்க நோட்டு ஒன்றை நிரப்பிக் கழக நூலகத்தில் சேர்த்தால், பொன்விழாக் கொண்டாடும் தலைமுறைக்கு அதுவே நாம் விட்டுச் செல்லும் சொத்தாகும். நோட்டுகளுக்கான செலவை நாங்கள் இருவரும் ஏற்றுக்கொள்கிறோம் என்பதையும் இம்மேடையில் தெரிவித்துக்கொள்கிறோம்.